கோணமலைக்கு வந்த புரட்சி

புதுச்சேரியின் வெள்ளை நகரத்தில் ஒரு தெருவுக்குச் சுஃப்ரேன் என்று பெயர். கேட்டால் தெருவைக் காட்டுவார்கள். ஆள் யார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். 1782, 1783 ஆண்டுகளில் ஆங்கிலேயக் கப்பற்படையோடு இந்தக் கடலில் ஐந்து முறை மோதிய பிரெஞ்சுத் தளபதி அவர். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர் என்று அவருடைய சண்டைகளின் பெயர்களைப் படித்தாலே நம் கிழக்குக் கரை முழுவதும் வந்துவிடும். அவருக்குக் கிடைத்த பெரும் பரிசோ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. திருகோணமலை. அங்கே அவர் பெயரில் ஒரு சந்துகூட என் கண்ணில் படவில்லை.

பிரான்சின் எல்லை என்றால் ரைன் ஆறும் ஜூரா மலையும்தான் நினைவுக்கு வரும். 1789 பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அந்த எல்லைகளில் ஊர்கள் பட்ட பாட்டைப் பற்றி நூலகம் நிறைய எழுதியிருக்கிறார்கள். கடலில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த எல்லைக்கோடு கொட்டியாரக் குடாவின் வழியாகப் போனதையும், அங்கே இருந்தவர்களையும் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்தக் குறையும் ஒரு காரணமாக, பேருந்தில் ஏறினேன்.

கொழும்பிலிருந்து ஹபரணை வழியாக வரும் சாலை கந்தளாய்க் குளத்தின் ஓரம் தொட்டுப் போகிறது. அதன் பிறகு வெயிலின் நிறமே மாறிவிடும். திருகோணமலைக்குள் நுழைந்து உட்துறைமுக வீதியில் இறங்கினால் முதலில் குழப்பம்தான் வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். எது குடா, எது திறந்த கடல் என்று புரியாது. ஒரு பக்கம் அலையடிக்கும் டச்சுக் குடா. நகரத்தின் மெல்லிய கழுத்தைக் கடந்து மறுபக்கம் போனால் அலையே இல்லாத உட்துறைமுகம், அதற்குள் சோபர் தீவுகள், அப்பால் சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள். தெற்கே கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை வந்து சேரும் இடம்.

ஆட்டோக்காரரிடம் வந்த காரணத்தைச் சொன்னேன். "பறங்கியைத் தெரியும் ஐயா, ஒல்லாந்தரைத் தெரியும். பிரெஞ்சுக்காரர் எப்ப வந்தவை?" என்றார். நியாயமான கேள்வி.

முதன்முதலில் வந்தது 1672 மார்ச்சில். பதினான்காம் லூயி அனுப்பிய ஒரு பெரிய கப்பல் கூட்டம், தளபதி தெ லா ஹே. உடன் வந்தவர் பிரான்சுவா கரோன். டச்சுக் கம்பெனிக்காக ஜப்பான் வரை போய் வாழ்ந்து, பிறகு பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தாவிய பழம் பெருச்சாளி. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுக்கு டச்சுக்காரரைப் பிடிக்காது. யார் வந்தாலும் அவர்களைக் கொண்டு டச்சுக்காரரை அடிக்கலாம் என்ற கணக்கில், குடாவைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தான். அவர்கள் குடாவில் இருந்த ஒரு தீவில் அரண் கட்டினார்கள். டச்சுக் கப்பல்கள் வந்து வெளியே நின்று, சோறு உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டன. பசியிலும் நோயிலும் ஆட்கள் செத்தார்கள். ஜூலையில் லா ஹே ஒரு சிறு காவலை மட்டும் விட்டுவிட்டுக் கப்பலேறினார். விட்டுப்போனவர்களை டச்சுக்காரர் வாரிக்கொண்டு போனார்கள்.

இதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு முக்கியம். திருகோணமலை கைநழுவியதும் லா ஹே நேராக மயிலாப்பூர்க் கரைக்கு வந்து சாந்தோமைப் பிடித்தார். அங்கே கோல்கொண்டாப் படையும் டச்சுக்காரரும் இரண்டு ஆண்டுகள் அவரை முற்றுகையிட்டார்கள். முற்றுகைக்குள் சோறும் துணையும் தேடி பெலாஞ்சே தெ லெஸ்பினே என்ற இளைஞரைத் தெற்கே அனுப்பினார்கள். வாலிகண்டபுரத்தில் ஆண்ட ஷேர்கான் லோடி அவருக்குக் காட்டிய இடம் புதுச்சேரி. 1673இல் கொடி ஏறியது. அடுத்த ஆண்டு பிரான்சுவா மார்த்தேன் வந்து குடியமர்ந்தார். 1674 செப்டம்பரில் சாந்தோம் விழுந்தது; புதுச்சேரி நின்றது. திருகோணமலை கிடைத்திருந்தால் நம் ஊரில் குரோசான் ரொட்டி விற்றிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே கடற்கரைக் கடையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன்.

லா ஹே கண்டிக்கு அனுப்பிய தூதர் லானெரோல் கதை தனி. அரண்மனை முன்னால் குதிரையிலிருந்து இறங்காமல் போனாராம். அரசன் கூப்பிடும் வரை காத்திருக்கப் பொறுமையும் இல்லையாம். சங்கிலி போட்டுவிட்டார்கள். இதை எழுதிவைத்தவர் ராபர்ட் நாக்ஸ். அவரும் 1660இல் இதே கொட்டியாரக் கரையில், மூதூர்ப் பக்கம், கண்டியரசன் ஆட்களிடம் சிக்கிப் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்தவர். அவர் பிடிபட்ட மரத்தடியைச் சுட்டும் கல் மூதூரில் உண்டு. லானெரோல் திரும்பிப் போகவே இல்லை. டி லானெரோல் என்ற குடும்பப் பெயர் இன்று சிங்களவர் நடுவில் இருக்கிறது. இலங்கையில் பிரான்சு விட்டுச்சென்றவற்றில் நீண்ட ஆயுள் அந்தப் பெயருக்குத்தான்.

இந்தக் குடாவுக்கு ஏன் இவ்வளவு அடிதடி என்பது, காற்றைப் பற்றிப் பேசினால்தான் விளங்கும். சோழமண்டலக் கரை நெடுகப் பெரிய கப்பல் ஒதுங்க இடமில்லை. சென்னையிலும் புதுச்சேரியிலும் கப்பல்கள் கரையைவிட்டுத் தள்ளித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலை தாண்டி வரவேண்டும். ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால் அப்படி நிற்பதும் ஆகாது. 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்து மகிழ்ந்திருந்த லா புர்தோனேயின் கப்பல்களை ஒரே இரவில் புயல் நொறுக்கியது. 1761 புத்தாண்டு நாளில், புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயக் கப்பல்களுக்கு அதே கதி. ஆகவே மழைக்காலம் நெருங்கினால் ஆங்கிலேயர் பம்பாய்க்கும் பிரெஞ்சுக்காரர் மொரீசியஸுக்கும் ஓடவேண்டியிருந்தது. எவன் முதலில் திரும்பி வருகிறானோ அவனுக்குச் சில மாதம் கடல் சொந்தம். எந்தக் காற்றிலும் கப்பல் நிறுத்தக்கூடிய ஆழமான துறை வங்கக் கடலின் மேற்கோரத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அதை வைத்திருந்தவர்களோ சண்டைக்கு அவ்வளவாகப் பயன்படுத்தாத டச்சுக்காரர்கள். 1762இல் சென்னையிலிருந்து ஜான் பைபஸ் என்பவரை ஆங்கிலேயர் கண்டிக்கு அனுப்பிப் பார்த்தது இந்த ஆசையில்தான்.

கோட்டைகளை முதலில் கடலிலிருந்து பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஃபைபர் படகு பேசினேன். திமிங்கலம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் பழகிய படகோட்டி, கோட்டை பார்க்க வந்தவனை ஏற இறங்கப் பார்த்தார். கோணமலைப் பாறையைச் சுற்றிக்கொண்டு தெற்கே போனால் துறைமுக வாயில் திறக்கிறது. அதன் மேட்டில் ஒஸ்டன்பர்க் கோட்டை. மரங்கள் மூடியிருக்கின்றன, கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் அனுமதி வாங்கித்தான் ஏற முடியும். மேலே ஹூட் கோபுரம் என்ற கடற்படை அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தின் பலம் கீழே தண்ணீரில் இருக்கும்போதுதான் உறைக்கிறது. உள்ளே நுழையும் எந்தக் கப்பலும் அந்த மேட்டின் பீரங்கி வாய்க்கு நேரே வந்தாக வேண்டும்.

1782 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் இதை டச்சுக்காரரிடமிருந்து பிடித்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் நாகப்பட்டினத்தைப் பிடித்திருந்தார். அதே ஆண்டு ஜூலையில் சுஃப்ரேன் கடலூரில் மைசூரின் ஹைதர் அலியைச் சந்தித்தார். தரையில் ஹைதர், கடலில் தான் என்ற ஏற்பாட்டுக்கு ஒரு துறைமுகம் தேவை. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் திருகோணமலையில் படையை இறக்கினார். 30ஆம் தேதி நகரக் கோட்டை பணிந்தது, 31ஆம் தேதி ஒஸ்டன்பர்க். பிடிபட்ட ஆங்கிலேயப் படையினரைச் சென்னைக்கே அனுப்பிவைக்க ஒப்புக்கொண்டார். முற்றுகையை இழுக்க நேரமில்லை, சீக்கிரம் முடிந்தால் போதும். செப்டம்பர் 2ஆம் தேதி ஹியூஸ் வந்து சேர்ந்தபோது கோட்டைகளில் பிரெஞ்சுக் கொடி. மறுநாள் பிற்பகல் வெளியே திறந்த கடலில் சண்டை. பிரெஞ்சுக் கப்பல் பதினான்கு, ஆங்கிலேயக் கப்பல் பன்னிரண்டு. சுஃப்ரேனுடைய கேப்டன்கள் பாதிப் பேர் வரிசைக்கு வராமல் எட்டவே நின்றார்கள். அவர் ஏறியிருந்த 'ஏரோ' கப்பலின் பெரிய பாய்மரம் முறிந்து விழுந்தது. யாருக்கும் வெற்றியில்லை. ஆனால் துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கையில் நின்றது.

படகோட்டி என்ஜினை நிறுத்திவிட்டு, "இந்த இடத்தில நல்ல ஆழம்" என்றார். அவருக்கும் சுஃப்ரேனுக்கும் இதில் கருத்து வேறுபாடு இருந்திருக்காது.

இந்தச் சண்டைக்குச் சென்னை கொடுத்த விலையைக் கப்பற்போர்ப் புத்தகங்கள் ஓரிரு வரியில் முடித்துவிடுகின்றன. ஒதுங்கத் திருகோணமலை இல்லாததால் ஹியூஸ் அக்டோபர் நடுவில் பம்பாய்க்குப் புறப்பட்டார். அதே நாட்களில் அடித்த புயலில் சென்னைக் கடலில் அரிசி ஏற்றி நின்ற கலங்கள் உடைந்தன. ஹைதரின் படையெடுப்பில் சுற்றுப்புற ஊர்கள் எரிந்து, சனங்கள் ஏற்கெனவே நகரத்துக்குள் அடைந்துகிடந்தார்கள். தெருவில் பிணம் விழுந்தது. அந்தப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் பிற்காலத்தில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியாகி, இன்று ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னையில் கஞ்சித்தொட்டி என்று இன்றும் சொல்லும் பெரியவர்களுக்கு அதில் கோணமலைக் கடற்போரின் பங்கு தெரிந்திருக்க நியாயமில்லை.

சமாதானம் வந்தபோது கணக்கு ஐரோப்பாவில் தீர்ந்தது. டச்சுக்காரருக்குத் திருகோணமலை திரும்பக் கிடைத்தது. நாகப்பட்டினத்தை 1784 உடன்படிக்கையில் ஆங்கிலேயர் தமக்கென வைத்துக்கொண்டார்கள். 1786இல் திருகோணமலையின் டச்சு அதிகாரி வான் செண்டன் தன் ஆளுகையில் இருந்த பற்றுகளைச் சுற்றிவந்து நாட்குறிப்பு எழுதினார். கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம், கந்தளாய். குளங்கள், வயல்கள், கோயில்கள், சனத்தொகை என்று போகிறது அந்தக் குறிப்பு. ஐரோப்பியர் எழுதிய திருகோணமலையில் பீரங்கியைத் தவிர வேறு ஏதாவது கண்ணில் படுவது அபூர்வம் என்பதால், எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு மரியாதை.

கோட்டைக்குள் நடந்தே போனேன். இப்போது ஃபிரெட்ரிக் கோட்டை. 1803இல் ஆங்கிலேய அரசரின் மகன் யார்க் கோமகன் பெயரை வைத்தார்கள். வாசல் தூணில் பாண்டியரின் இரட்டைக் கயல் தெரிகிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை எழுப்பினார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. உள்ளே இராணுவ முகாம், ஆலமரங்கள், யாருக்கும் பயப்படாமல் திரியும் புள்ளிமான்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் கையில் அருச்சனைத் தட்டோடு பீரங்கிச் சுவர் ஓரமாக ஏறுகிறார்கள். பாறையின் உச்சியில், 1963இல் குடமுழுக்குக் கண்ட இன்றைய கோயில். பக்கத்தில் இராவணன் வெட்டு. கீழே பார்க்கத் தலை சுற்றும்.

இந்த மேட்டில் நின்று வடக்கே பார்த்தால், உல்லாச விடுதிகள் வரிசைகட்டிய உப்புவெளிக் கரை தெரியும். 1795 ஆகஸ்ட் 3ஆம் தேதி அந்தப் பக்கத்துக் கரையில்தான் புரட்சி வந்து இறங்கியது, ஆங்கிலேயச் சிவப்புச் சட்டையில்.

புதுச்சேரிக்குப் புரட்சி பிரெஞ்சு உருவத்திலேயே வந்தது. 1790இல் செய்தி எட்டியதும் அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் கூடிச் சபை அமைத்தார்கள், தீர்மானம் போட்டார்கள். 1793 ஆகஸ்டில் ஆங்கிலேயர் நகரைப் பிடித்ததும் அது முடிந்தது. திருகோணமலையில் சபையும் இல்லை, மூவண்ணப் பட்டையும் இல்லை. இங்கே வந்தது ஒரு கடிதம். 1794-95 பனிக்காலத்தில் பிரெஞ்சுப் புரட்சிப் படை உறைந்த ஆறுகளைத் தாண்டி ஹாலந்துக்குள் புகுந்தது. அரசுத் தலைவரான ஆரஞ்சு இளவரசர் ஐந்தாம் வில்லியம் ஒரு மீன்பிடிப் படகில் இங்கிலாந்துக்குத் தப்பினார். அவர் நாட்டில் படேவியக் குடியரசு பிறந்தது. லண்டனுக்கு அருகே கியூ மாளிகையில் உட்கார்ந்து, பிப்ரவரி 7ஆம் தேதி, டச்சுக் குடியேற்றங்களின் ஆளுநர்களுக்கு எழுதினார்: ஆங்கிலேயப் படையை நண்பர்களாக உள்ளே விடுங்கள், பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கவிடாதீர்கள் என்று.

ஆறு மாதம் கழித்து அந்தக் கடிதத்தின் துணையோடு அட்மிரல் ரெய்னியரின் கப்பல்களும் கர்னல் ஸ்டூவர்ட்டின் சென்னைப் படையும் இங்கே வந்து நின்றன. கோட்டைத் தலைவர் மேஜர் ஃபோர்ன்பாவர் கொழும்பு அனுப்பிய ஆணையின் வடிவத்தில் குற்றம் கண்டுபிடித்து, கதவைத் திறக்க மறுத்தார். அவர் நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். எசமான் யார்? ஓடிப்போன இளவரசரா, ஹேக் நகரில் உட்கார்ந்திருக்கும் புதிய குடியரசா? குடியரசின் நண்பன் பிரான்சு என்றால் வாசலில் நிற்பவன் எதிரி. இளவரசர் சொல் செல்லுமென்றால் அதே ஆள் விருந்தாளி. கடுதாசி வர அரை ஆண்டு பிடிக்கும் ஊரில் இதற்கு விடை தெரியும் முன் பீரங்கி பேசிவிடும், பேசியது. ஆகஸ்ட் 2ஆம் தேதி ஆங்கிலேயரின் டையோமீட் போர்க்கப்பல் பாறையில் மோதி இங்கே மூழ்கியிருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டு மணலில் பீரங்கிகளை இழுத்து வந்து சுவரைப் பிளந்தார்கள். 26ஆம் தேதி கோட்டை பணிந்தது. ஒஸ்டன்பர்க் ஆகஸ்ட் 31. பதின்மூன்று ஆண்டு முன்பு சுஃப்ரேனிடம் விழுந்த அதே தேதி.

கோட்டைக்குள் வெல்லிங்டன் மாளிகை என்று ஒரு கட்டடம் காட்டுகிறார்கள். ஆர்தர் வெல்லஸ்லி, பிற்காலத்து வெல்லிங்டன் கோமகன், 1800 இறுதியிலும் 1801 தொடக்கத்திலும் இங்கே இருந்தார். மொரீசியஸைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடிக்க என்று திரட்டிய படை, கடைசியில் நெப்போலியன் எகிப்தில் விட்டுவந்த படையோடு மோதச் செங்கடலுக்குத் திரும்பியது. வெல்லஸ்லி இங்கே காய்ச்சலில் படுத்ததால் கப்பலைத் தவறவிட்டு உயிர்பிழைத்தார் என்று உள்ளூரில் சொல்கிறார்கள். படுத்தது பம்பாயில். தவறவிட்ட 'சூசன்னா' கப்பல் மூழ்கியது உண்மை. ஐரோப்பிய வரலாற்றைத் திருப்பிய காய்ச்சலுக்குத் திருகோணமலை உரிமை கோருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

புரட்சியின் நிலப்பக்க எல்லையும் இந்தத் தீவும் நேராகச் சந்தித்த ஒரு கதை உண்டு. ஜூரா மலையடிவாரத்தில் நெவுஷாத்தெல் என்ற சிறு நாடு. பேசுவது பிரெஞ்சு, அன்று அரசர் பிரஷ்யாவின் அரசர், ஒப்பந்தம் சுவிஸ்காரரோடு. பக்கத்து பாசெல் ஆயர் நாட்டில் 1792இல் ரௌராசியக் குடியரசு என்று ஒன்று முளைத்து, நான்கே மாதத்தில் பிரான்சின் மாவட்டமாகிவிட்டது. நெவுஷாத்தெல்லின் கடிகாரத் தொழிலாளர்களில் புரட்சிப் பற்றாளர்கள் எல்லை தாண்டிப் பெசன்சோனில் போய்க் கடை விரித்தார்கள். அந்த ஊர்ப் பிரபு ஷார்ல் தானியேல் தெ மெரோன் 1781இல் ஒரு படைப்பிரிவைத் திரட்டி டச்சுக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அது இலங்கையில் இருந்தது. 1795 மார்ச்சில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ கிளெக்ஹார்ன் நெவுஷாத்தெல்லுக்கே வந்து, படையை இங்கிலாந்துக்கு மாற்றித் தரச் சொல்லிப் பிரபுவோடு ஒப்பந்தம் போட்டார். இருவரும் எகிப்து, செங்கடல் வழியாக இந்தியா வந்தார்கள். கொழும்பில் இருந்த தம்பி பியேர் ஃபிரெடரிக்குக்குச் சேதியை ஒரு பாலாடைக்கட்டிக்குள் ஒளித்து அனுப்பியதாகக் கதை. படை கட்சி மாறியது. கொழும்பு 1796 பிப்ரவரியில் அதிகம் சண்டையில்லாமல் பணிந்தது. 1799இல் அதே நெவுஷாத்தெல்காரர்கள் சீரங்கப்பட்டணத்துச் சுவரேறி, திப்புவின் பக்கம் நின்ற பிரெஞ்சுக் குடியரசுக்காரர்களோடு சண்டையிட்டார்கள். அவர்களில் சிலரின் கல்லறைகள் இன்றும் அங்கே உண்டு. ஊரில் நெவுஷாத்தெல்லையே 1806இல் நெப்போலியன் வாங்கித் தன் மார்ஷல் பெர்த்தியேவுக்குக் கொடுத்துவிட்டான்.

கொழும்பு பணிந்த பிறகு இலங்கையை ஆளச் சென்னையிலிருந்து வந்த ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரிகள் கையோடு வரி வசூலிக்கும் அமில்தார்களையும் கொண்டுவந்தார்கள். அரசுக்குச் செய்யும் கட்டாய ஊழியம் ஒழிந்தது என்றார்கள். தென்னைக்கு மரத்துக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். ஊர்த் தலைவர்களான பழைய முதலிகளை ஒதுக்கிவிட்டுப் புதிய ஆட்கள் வசூலுக்கு வந்தார்கள். 1797இல் தீவின் பல பகுதிகளில் சனங்கள் எழுந்தார்கள். பாஸ்டில் அவர்கள் காதில் விழுந்ததில்லை. வாசலில் நின்ற தென்னையை எண்ண வந்தவனைத்தான் அவர்களுக்குத் தெரியும். குறை கேட்க ஒரு குழு அமைத்து, அதற்குத் தலைவராகப் போட்டது பாலாடைக்கட்டிக் கடிதம் வாங்கிய அதே பியேர் ஃபிரெடரிக் தெ மெரோனை. இராணுவ ஆளுநரும் அப்போது அவர்தான். ஊர் முதலிகளையும் பழைய வழக்கங்களையும் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று குழு சொன்னது. தென்னை வரி போயிற்று. சென்னை அமில்தார்கள் மூட்டை கட்டினார்கள். 1798 அக்டோபரில் பிரடெரிக் நோர்த் ஆளுநராக வந்திறங்க, தெ மெரோன் பொறுப்பை ஒப்படைத்தார். 1802இல் ஆமியேனில் நெப்போலியன் தன் டச்சு நண்பர்கள் சார்பில் இலங்கையை இங்கிலாந்துக்கே விட்டுக்கொடுத்தான். அதற்கு முன்பே திருகோணமலைத் துறையில் ஆங்கிலேயர் தங்கள் கடற்படைக்கு இடம் ஒதுக்கியாயிற்று. அவர்கள் அதைக் காலிசெய்தது 1957இல்.